பன்னிரண்டு கைகள்

அந்தப் புகைப்படத்தை உலகமே பார்த்திருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் ஆறு பேரில் ஒருவருடைய முகத்தையும் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியைத் தலைக்கவசம் மறைத்தது, மீதியைத் தூக்கிய கை மறைத்தது. கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவருக்கு முதுகு மட்டும்தான். வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் அக்கரையில் உள்ள அர்லிங்டனில், 32 அடி உயர மனிதர்களும் 60 அடிக் கொடிக்கம்பமுமாக இன்று நிற்கும் வெண்கலச் சிலை அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான். புகைப்படம் முகம் இல்லாமலே தன் வேலையைச் செய்துவிடும். சிலையால் அது முடியாது. வருகிறவர்கள் அதைச் சுற்றி வருவார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள். ஆறு உடலுக்கும் ஆறு முகம் வைத்தே ஆகவேண்டும். அப்படி வைத்த முகங்களில் இரண்டு, அந்தப் படத்திலேயே இல்லாத இருவருடையவை என்று உறுதியாக, படம் எடுத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்க மரைன் படை ஐவோ ஜிமா தீவில் இறங்கியது 1945 பிப்ரவரி 19 அன்று. எரிமலைச் சாம்பல் மூடிய சின்னஞ்சிறு ஜப்பானியத் தீவு. அதன் தென்கோடியில் 169 மீட்டர் உயரத்துக்குச் சூரிபாச்சி மலை. 23ஆம் தேதி காலையில் ஒரு ரோந்துக் குழு மேலேறி ஒரு கொடியை நட்டது. தூரத்திலிருந்து பார்க்க அது சிறிதாக இருக்கவே, கரைக்கு வந்திருந்த தரையிறங்கு கப்பல் ஒன்றிலிருந்து பெரிய கொடி ஒன்றை வாங்கி, ரெனே காக்னன் என்ற பத்தொன்பது வயதுத் தூதுவரிடம் கொடுத்து மேலே அனுப்பினார்கள். மலையுச்சியில் கிடந்த ஜப்பானியர்களின் தண்ணீர்க் குழாய்தான் கம்பம். பழைய கொடி இறங்க, புதியது ஏறியது. அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் ஜோ ரோசென்தால் குள்ளமானவர். கற்களையும் மணல்மூட்டைகளையும் குவித்து அதன்மேல் ஏறி நின்றார். கேமராவின் ஷட்டர் திறந்திருந்தது நொடியில் 400இல் ஒரு பங்கு. அவருக்குப் பக்கத்திலேயே பில் ஜெனாஸ்ட் என்ற மரைன் அதே காட்சியை வண்ணத் திரைச்சுருளில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் அதே தீவின் குகை ஒன்றில் அவர் இறந்தார். அவர் விட்டுப்போன அந்தச் சுருள் பின்னால் இந்தக் கதையில் சாட்சி சொல்ல வரும்.

போர் 36 நாள் நடந்தது. அமெரிக்கர்கள் ஏறக்குறைய 6,800 பேர் இறந்தார்கள். ஜப்பானியத் தரப்பில் இருந்த சுமார் 21,000 பேரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கொடியேற்றிய ஆறு பேரில் மூவர், மைக்கேல் ஸ்ட்ராங்க், ஹார்லன் பிளாக், பிராங்க்ளின் சௌஸ்லி, தீவை விட்டுத் திரும்பவே இல்லை.

படம் குவாம் தீவுக்குப் போய்க் கழுவப்பட்டு, வானொலி அலை வழியாக அமெரிக்கா வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வெளியானது. சிற்பி ஃபெலிக்ஸ் டி வெல்டன் அப்போது அமெரிக்கக் கடற்படையில், மேரிலாண்டின் படக்சென்ட் ரிவர் விமானத் தளத்தில் பணியில் இருந்தார். வியன்னாவில் 1907இல் பிறந்தவர். லண்டனில் அரச குடும்பத்தாரின் மார்பளவுச் சிலைகள் செய்து பெயர் வாங்கி, கனடா வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது அந்த 1945இல்தான். படத்தைப் பார்த்ததும் வேலையில் இறங்கிவிட்டார். சில நாட்களுக்குள் மெழுகில் ஒரு சின்ன மாதிரி தயார். அவரை இழுத்தது அந்தப் படத்தின் முக்கோணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே அகன்று, சாய்ந்த கம்பத்தோடு மேலே கூர்ந்து, எல்லா எடையும் ஒரே திசையில் தள்ளும் அமைப்பு அது. ஐரோப்பியச் சிற்ப மரபில் தேர்ந்தவருக்கு அது ஏற்கனவே செதுக்கி வைத்தது போலத் தெரிந்திருக்கும்.

அரசாங்கத்துக்கோ அவசரம் வேறு. போர்க்கடன் பத்திரங்கள் விற்க வேண்டும், அதற்குப் படத்தில் உள்ளவர்கள் உயிரோடு மேடையேற வேண்டும். காக்னன் பெயர்களைச் சொன்னார். கடற்படை மருத்துவ உதவியாளர் ஜான் பிராட்லி, பீமா பழங்குடியைச் சேர்ந்த அய்ரா ஹேய்ஸ், காக்னன் என்று பிழைத்திருந்த மூவரும் தாய்நாட்டுக்கு வரவழைக்கப்பட்டார்கள். தன் பெயரைச் சொல்லவே கூடாது என்று காக்னனை ஹேய்ஸ் எச்சரித்திருந்தார், பலிக்கவில்லை. இன்னொன்றும் அவர் மனத்தை அரித்தது. கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவர் ஹாங்க் ஹான்சன் என்ற மரைன் என அறிவித்திருந்தார்கள். அது ஹார்லன் பிளாக் என்பது ஹேய்ஸுக்குத் தெரியும். சொன்னார். பெயர்களை வெளியிட்டாயிற்று, இருவருமே இறந்துவிட்டார்கள், பேசாமலிரு என்று அதிகாரி தரப்பில் பதில் வந்தது. ஹார்லனை அந்தப் படத்தில் முதலில் கண்டுகொண்டவர் டெக்சஸின் வெஸ்லாகோவில் இருந்த அவருடைய தாய். செய்தித்தாளில் தெரிந்த அந்த முதுகைப் பார்த்தே, இது என் மகன் என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை. ஹேய்ஸ் 1946இல் அரிசோனாவிலிருந்து வழியில் போகிற வண்டிகளில் ஏறி இறங்கி வெஸ்லாகோவரை போய், ஹார்லனின் தந்தையைப் பார்த்து உண்மையைச் சொன்னார். 1947 ஜனவரியில் மரைன் படை முதல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

சிலை இதற்குள் ஒருமுறை பிறந்து, நின்று, இறங்கும் நிலைக்கும் வந்துவிட்டது. பலரும் அறியாத பகுதி இது. அர்லிங்டனில் இருப்பது இரண்டாவது உடல்தான். முதல் சிலை, பன்னிரண்டரை அடி உயரத்தில் வார்ப்புக்கல்லால் செய்தது, 1945 நவம்பர் 10 அன்று வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அவென்யூவில் கடற்படைக் கட்டடத்தின் முன் வைக்கப்பட்டது. அது மரைன் படையின் பிறந்தநாள். இரண்டு ஆண்டு நின்றது. பிறகு அந்த இடத்தில் புதுக் கட்டடம் வரவேண்டும் என்று அகற்றிச் சிற்பியிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் அப்போது பெரிய சிலையில் மூழ்கியிருந்தார். கல் சிலை தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய பட்டறைக்குப் பின்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1990இல் போர்ப் பொருள் சேகரிப்பாளர் ஒருவர் அதை வாங்கிச் செப்பனிட்டார். போரின் ஐம்பதாம் ஆண்டில் அது நியூயார்க் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் இன்ட்ரெபிட் போர்க்கப்பலின் தளத்துக்கு ஏறியது. 2013இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. கேட்ட விலைக்கு யாரும் எடுக்கவில்லை.

பெரிய சிலைக்குத் திரும்புவோம். ஹேய்ஸ், காக்னன், பிராட்லி மூவரும் சிற்பியின் எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் களிமண்ணில் வடித்தார். இறந்த மூவருக்கு, கிடைத்த புகைப்படங்களையும் உயரம் எடைக் குறிப்புகளையும் சேர்த்துவைத்து வேலை செய்தார். அடுத்து உடல். ஆறு உருவங்களையும் முதலில் நிர்வாணமாகவே செய்தார். பிடித்துத் தள்ளும்போது முதுகுத் தசை எங்கே புடைக்கும், தொடை எங்கே இறுகும் என்று பார்த்து முடித்த பிறகே மேலே உடுப்பு. அந்தச் சிலையின் ஆற்றல் இதில்தான் இருக்கிறது. கால்சட்டையின் மடிப்பு ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு தசையின் சொல்படி விழுந்திருக்கிறது. வீரத்தைக் காட்ட முகபாவத்தை நம்பாமல் உழைப்பை நம்பினார். ஒரு கனமான குழாயை நிமிர்த்தும் ஆறு பேரின் உழைப்பு, அவ்வளவுதான். கடைசியில் இருக்கும் ஹேய்ஸின் விரல்கள் கம்பத்தை எட்டவில்லை. விரிந்தபடி காற்றில் நிற்கின்றன. புகைப்படத்திலும் அப்படித்தான். எட்டும்படி ஒட்டிவிடுவது சிற்பிக்கு எளிய வேலை. அவர் அதைச் செய்யவில்லை.

ஆறு பேருக்குப் பதின்மூன்று கைகள் உள்ளன, பதின்மூன்றாவது கடவுளின் கை என்று பின்னால் ஒரு கதை கிளம்பியது. இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். சிற்பியிடமே கேட்டார்கள், பன்னிரண்டு கைகள் போதும் என்று முடித்துவிட்டார்.

பிளாஸ்டரில் முழு அளவில் நின்ற உருவத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். வெண்கலத்தில் வார்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. 32 அடி மனிதனை ஒரே வார்ப்பில் ஊற்ற முடியாது. துண்டு துண்டாக ஊற்றி, ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, உளியால் செப்பமிட்டு, இணைத்து, கடைசியில் பத்துப் பன்னிரண்டு பெரும் பகுதிகளாக்கினார்கள். அவற்றுள் பெரியது 20 டன்னுக்கு மேல். மூன்று லாரிகள் வரிசையாக வாஷிங்டனுக்குக் கிளம்பின. போர்க்களத்திலிருந்து புகைப்படம் கண்டம் தாண்டி வர இரண்டு நாள் போதுமாயிருந்தது. வெண்கலம் அர்லிங்டன் வந்து சேர ஒன்பது ஆண்டுகள். 1954 செப்டம்பரில் அங்கே திருகியும் பற்றவைத்தும் ஒன்றாக்கினார்கள். பீடத்தை வடிவமைத்தவர் ஹொரேஸ் பீஸ்லி என்ற கட்டடக் கலைஞர். கல் ஸ்வீடனிலிருந்து வந்த கிரானைட். தரையிலிருந்து உச்சிவரை 78 அடி. ஒருவர் தோளில் உள்ள துப்பாக்கி மட்டும் 16 அடி நீளம். இடுப்பில் தொங்கும் தண்ணீர்க் குப்பி உண்மையாக இருந்தால் முப்பது லிட்டர் கொள்ளும். செலவு 8,50,000 டாலர். எல்லாம் மரைன்களும், முன்னாள் மரைன்களும், கடற்படையினரும், அவர்களின் நண்பர்களும் கொடுத்தது. அரசுப் பணம் ஒரு காசு கிடையாது.

1954 நவம்பர் 10 அன்று அதிபர் ஐசனோவர் முன்னிலையில் திறப்பு விழா. பிழைத்த மூவரும் வந்திருந்தார்கள். இறந்த மூவரின் தாய்மாரும் வந்திருந்தார்கள். ஹேய்ஸுக்கு அதன்பின் பதினொரு வாரம்கூட ஆயுள் இல்லை. குடிப்பழக்கத்தால் நொறுங்கிப்போயிருந்த அவர் 1955 ஜனவரி 24 அன்று, 32 வயதில், தன் பழங்குடிக் காப்பு நிலத்திலேயே இறந்து கிடந்தார். சிலையை அடுத்துள்ள அர்லிங்டன் தேசியக் கல்லறையில்தான் அவரைப் புதைத்தார்கள். ஊருக்கு ஊர் மேடையேற்றி அவரை வீரன் என்று காட்டியவர்கள், பெயர் தப்பு என்று அவர் சொன்னபோது வாயை மூடு என்றார்கள். இதை நினைக்காமல் என்னால் அந்த விரிந்த விரல்களைப் பார்க்க முடிவதில்லை.

டி வெல்டனுக்கு இந்தச் சிலையோடு உலகம் திறந்தது. அதிபர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வேண்டும் என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். வாஷிங்டனில் குதிரைமேல் சிமோன் பொலிவார், அர்லிங்டன் கல்லறைக்குப் போகும் சாலையில் துருவப் பயணி ரிச்சர்ட் பேர்ட், அதே பேர்டின் மார்பளவுச் சிலை அண்டார்டிகாவின் மக்மர்டோ தளத்தில், ஏதென்ஸில் அதிபர் ட்ரூமன். அந்த ட்ரூமன் அமெரிக்க எதிர்ப்பாளர்களின் கோபத்துக்குப் பலமுறை ஆளானார். 1986இல் குண்டு வைத்தே கீழே தள்ளினார்கள்.

தமிழர்கள் நேரில் பார்த்திருக்கக்கூடிய அவருடைய வேலை கோலாலம்பூரில் இருக்கிறது. மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960 அக்டோபரில் அமெரிக்கா சென்றபோது அர்லிங்டன் சிலையைப் பார்த்து, தம் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று அதே சிற்பியைத் தேடிப்போனார். 1966 பிப்ரவரி 8 அன்று திறக்கப்பட்ட துகு நெகாரா அப்படி வந்ததுதான். இரண்டாம் உலகப் போரிலும் அவசரநிலைக் கால மோதல்களிலும் உயிர்விட்டவர்களுக்கான நினைவுச்சின்னம். 15 மீட்டர் உயர வெண்கலம், ஏழு உருவங்கள். ஏரிப் பூங்காவின் அருகே மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அது எந்த மலையுச்சியின் பேரப்பிள்ளை என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் உறுத்துகிறது. அர்லிங்டனில் எதிரி இல்லை. கம்பமும் எடையும் மட்டுமே. கோலாலம்பூரில் நிற்கும் வீரர்களின் காலடியில் எதிரிகள் விழுந்து கிடக்கிறார்கள். நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டபோது டி வெல்டன் எட்டிய உயரத்தை, கருத்தை உருவமாக்கச் சொன்னபோது எட்டவில்லை என்பது என் கணிப்பு. 1975 ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் போராளிகள் வைத்த குண்டில் துகு நெகாரா சேதமடைந்தது. பழுதுபார்த்து 1977இல் மீட்டார்கள்.

புரூக்ளினுக்குப் போய்வந்த அந்த பிளாஸ்டர் என்ன ஆயிற்று? சிற்பி அதைத் தூக்கியெறியவில்லை. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருந்த தம் இடத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வைத்திருந்தார். 1981இல் டெக்சஸின் ஹார்லிங்கனில் உள்ள மரைன் மிலிட்டரி அகாடமிக்குக் கொடுத்தார். அது மாணவர்களுக்கான தனியார் விடுதிப் பள்ளி. அங்கே காற்றின் ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்குவதில்லை என்பதால் பிளாஸ்டர் வெடிக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஹார்லன் பிளாக்கின் வெஸ்லாகோ அங்கிருந்து அதிகத் தூரமில்லை. 1982 ஏப்ரலில் திறந்து வைத்தார்கள். வெஸ்லாகோவில் புதைத்திருந்த ஹார்லனின் உடலை 1995இல் எடுத்துவந்து அந்தச் சிலைக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். பெயர் விட்டுப்போனவர், தன் உருவத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

டி வெல்டனின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. பணம் கரைந்தது, நியூபோர்ட் மாளிகை கைவிட்டுப் போனது. 2003 ஜூனில், 96 வயதில் வர்ஜீனியாவில் இறந்தார். தாம் பார்த்து வடித்த முகங்களைப் பற்றிய சந்தேகம் எழுவதற்கு முன்பே போய்விட்டார்.

அந்தச் சந்தேகம் பட்டறையிலிருந்து வரவில்லை, ஆவணக் காப்பகத்திலிருந்தும் வரவில்லை. ஓய்வு நேரத்தில் பழைய படங்களை உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆர்வலர்கள் கிளப்பியது. அன்று மலையில் எடுத்த மற்ற படங்களில் பிராட்லியின் கால்சட்டை நுனி மடித்து விட்டிருக்கிறது. கொடியேற்றும் படத்தில் பிராட்லி என்று சொல்லப்பட்டவருக்கு மடிப்பு இல்லை. பிராட்லி மருத்துவ உதவியாளர். படத்தில் இருப்பவரின் இடுப்பிலோ தோட்டாப் பட்டை. இன்னொருவரின் தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு வார் அறுந்து இடப்பக்கம் தொங்குகிறது. அதே அறுந்த வார் ஹரோல்ட் ஷுல்ட்ஸ் என்ற மரைனின் படங்களில் இருக்கிறது. ஒமாஹா நகர நாளிதழ் 2014இல் இதை விரிவாக எழுதியது. மரைன் படை குழு அமைத்து ஆராய்ந்து 2016 ஜூனில் ஒப்புக்கொண்டது: பிராட்லி அந்தப் படத்தில் இல்லை, ஷுல்ட்ஸ் இருக்கிறார். 2019 அக்டோபரில் இன்னொரு திருத்தம். ஜெனாஸ்டின் சுருளையும் பிற படங்களையும் ஒப்பிட்டபோது, காக்னன் என்று நினைத்தவரின் விரலில் திருமண மோதிரம் தெரிந்தது. அது ஹரோல்ட் கெல்லர்.

ஷுல்ட்ஸ் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து 1995இல் இறந்தார். கெல்லர் அயோவாவில் 1979இல் இறந்தார். நாடு முழுவதும் அஞ்சல்தலையிலும் சுவரொட்டியிலும் திரைப்படத்திலும் தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்த இருவரும் ஊரறிய உரிமை கோரவில்லை. ஜான் பிராட்லியின் மகன் ஜேம்ஸ் பிராட்லி தன் தந்தை உட்பட ஆறு பேரைப் பற்றி எழுதிய நூல் 2000இல் வந்து, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில் திரைப்படமும் ஆனது. படத்தில் இருப்பவர் தன் தந்தை என்று இனி நம்பவில்லை என்று அவரே 2016இல் வெளிப்படையாகச் சொன்னார். தந்தை முதல் கொடியேற்றத்தில் பங்கு கொண்டதை இரண்டாவதாக நினைத்துக் குழம்பியிருக்கலாம் என்றார். இப்படிச் சொல்ல ஒரு மகனுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்.

அர்லிங்டனில் இந்தத் திருத்தங்களால் கல்லில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பீடத்தைச் சுற்றிப் பொன்னெழுத்தில் இருப்பவை 1775 முதல் மரைன் படை போரிட்ட களங்களின் பெயர்கள். ஆறு பேரின் பெயர் இல்லை. சிலை அர்ப்பணிக்கப்பட்டிருப்பது உயிர்விட்ட மரைன்கள் அனைவருக்கும். அதனால் வெண்கலத்தில் உள்ள பிராட்லி, காக்னன் முகங்களை மாற்றச் சொல்வது தேவையில்லாத வேலை என்றே நினைக்கிறேன். காக்னன்தான் அந்தக் கொடியை மலைமேல் கொண்டுபோனார். பிராட்லி அன்று காலையில் ஏற்றிய முதல் கொடிக்குத் தோள் கொடுத்தவர். சிற்பி எதிரே உட்காரவைத்தவர்களை உள்ளபடி வடித்தார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சிலை முன் வந்து நிற்கும் குழந்தைகளிடம் ஷுல்ட்ஸ், கெல்லர் என்ற பெயர்களையும் சொல்ல வேண்டும். அதோடு, தவறு நடந்தது என்று முதன்முதலில் வாய் திறந்தவர் அய்ரா ஹேய்ஸ் என்பதையும், பின்வரிசையில் எட்டாத கையோடு நிற்பவர் அவர்தான் என்பதையும் காட்டிச் சொல்ல வேண்டும்.